எரிந்த அரங்கில் ஒரு கனவு மேடை: டாலி அருங்காட்சியகத்தை வாசித்தல்

1

ஓர் இயக்கத்தைக் கொன்று பாடம் பண்ணி வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதன் படைப்புகளை ஆண்டுவாரியாக அடுக்கி, கண்ணாடி போட்டு, கோபமெல்லாம் வற்றிப்போன ஒரு 'காலகட்டம்' ஆக்கிவிடுவது. பெருநகர அருங்காட்சியகங்கள் சர்ரியலிசத்துக்குச் செய்தது இதைத்தான். இன்னொன்று, அந்த இயக்கத்திலிருந்த ஒரே ஓர் ஆளைப் பிரித்தெடுத்து, அவருக்கு ஒரு முழுக் கட்டடத்தையும் கொடுத்து, இயக்கம் மொத்தத்தையும் அவருடைய சொந்தக் கிறுக்குத்தனமாகக் காட்டிவிடுவது. முதல் வழியில் வரலாறு உலர்ந்துபோகிறது. இரண்டாவதில் அது காணாமலே போய்விடுகிறது.

சர்ரியலிசம் ஓர் ஓவியப் பாணி அல்ல என்பதை இங்கே விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 1924இல் ஆந்த்ரே பிரெத்தோன் முதல் அறிக்கையை வெளியிட்டபோது அது பெரிதும் கவிஞர்களின் கூட்டு வேலை. முன்னவர் எழுதியதைப் பார்க்காமலே அடுத்தவர் அடுத்த சொல்லை எழுதும் விளையாட்டு, பலர் சேர்ந்து கையெழுத்திட்ட துண்டறிக்கைகள், அடுத்தவர் கூட்டத்தில் புகுந்து ரகளை பண்ணுவது, தங்களுக்குள்ளேயே விசாரணை வைப்பது, வெளியேற்றுவது என எல்லாமே கூட்டாகத்தான் நடந்தன. 'ஆசிரியன்' என்கிற தனிமனிதனையே சந்தேகப்பட்ட இயக்கம் அது. அப்படிப்பட்ட இயக்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு தனி ஓவியருக்கு, அதுவும் அவரே திட்டமிட்டு, அவர் காலத்திலேயே திறக்கப்பட்டு, அவரே உள்ளே புதைந்து கிடக்கிற ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது என்றால் அந்த முரணைச் சும்மா விட்டுவிட முடியாது.

கத்தலோனியாவின் வடகோடியில், பிரெஞ்சு எல்லைக்குச் சற்றுத் தெற்கே உள்ள ஃபிகெரஸ் என்கிற சிறு நகரத்தில் இருக்கும் சல்வதோர் டாலியின் நாடக-அருங்காட்சியகத்தைத்தான் சொல்கிறேன். 1974 செப்டம்பர் 28 அன்று திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பேர் வந்துபோகிறார்கள். நான் போனது ஓவியம் பார்க்கத்தான். ஆனால் வெளியே வந்த பிறகும் என்னை விடாமல் தொந்தரவு செய்தது ஓவியங்களல்ல, கட்டடம். ஆகவே டாலி மகத்தான ஓவியரா, இல்லை வெறும் வித்தைக்காரரா என்கிற பழைய பஞ்சாயத்தை இங்கே கூட்டப்போவதில்லை. அந்தக் கட்டடத்தை ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு, அது எதைப் பேசுகிறது, எதைப் பேசாமல் விடுகிறது என்று வாசித்துப் பார்ப்பதே நோக்கம்.

2

பார்சிலோனாவிலிருந்து சாதாரண ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். கட்டடம் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. சிவப்புச் சுவர்கள், அவற்றின்மேல் வரிசை வரிசையாக ஒட்டிய ரொட்டி வடிவங்கள், உச்சியில் கைப்பிடிச் சுவர் நெடுக பிரமாண்டமான வெள்ளை முட்டைகள். இந்தப் பகுதிக்குக் கலாத்தேயா கோபுரம் என்று பெயர். டாலி தன் கடைசி ஆண்டுகளில் இங்கேதான் வசித்தார். பக்கத்திலேயே சான் பெரே தேவாலயம். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அங்கே. அவர் 1904இல் பிறந்த வீடும் இதே ஊரில்தான். பிறந்த இடம், ஞானஸ்நானம் பெற்ற இடம், முதல் கண்காட்சி வைத்த இடம், புதைக்கப்பட்ட இடம் எல்லாம் சில தெருக்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு தலபுராணம் எழுத வேறென்ன வேண்டும்?

உள்ளே நுழைந்ததும் வானம் பார்த்த முற்றம். பழைய நாடகக் கொட்டகையில் ஜனங்கள் உட்கார்ந்து பார்த்த இடம் இது. நடுவில் ஒரு கறுப்பு கெடிலாக் கார். அதன் முன்பக்கத்தின்மேல் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் செய்த பெண் சிலை. காருக்குள் மழை பெய்வதற்கு ஏற்பாடு உண்டு. 1938 பாரிஸ் சர்ரியலிசக் கண்காட்சியில் டாலி வைத்த 'மழை டாக்சி'யின் மறுபிறவி அது. பின்னால் டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தூண், அதன் உச்சியில் அவர் மனைவி காலாவின் படகு. சுற்றிலும் சன்னல்களில் தங்கநிறப் பொம்மைகள். முற்றத்துக்கு அப்பால் மேடை, மேடைக்கு மேல் எமிலியோ பெரெஸ் பின்யேரோ வடிவமைத்த கண்ணாடிக் கவிகைமாடம். மேடையின் பின்புறம் முழுவதையும் 'லாபிரிந்த்' என்ற பாலேவுக்காக 1941 வாக்கில் தீட்டிய திரை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

சும்மா சொல்லக்கூடாது, ரசிக்கும்படியாகத்தான் இருக்கிறது. ஒரு படத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் கடலைப் பார்த்து முதுகு காட்டி நிற்கும் நிர்வாணக் காலா. தள்ளிப்போய்ப் பார்த்தால் ஆபிரகாம் லிங்கனின் முகம். இன்னோர் அறையில் உதடு மாதிரி ஒரு சோபா, மூக்கு மாதிரி ஒரு கணப்பு, கண்கள் மாதிரி இரண்டு படங்கள். ஏணிமேல் ஏறி ஒரு லென்ஸ் வழியாகப் பார்த்தால் எல்லாம் கூடி மே வெஸ்ட் என்கிற ஹாலிவுட் நடிகையின் முகம் ஆகிவிடும். ஜனங்கள் வரிசை கட்டி ஏறுகிறார்கள். இந்தக் கும்மாளத்துக்கு நடுவே 1945இல் வரைந்த ஒரு சின்ன ரொட்டிக்கூடைப் படம் இருக்கிறது. இருட்டுப் பின்னணி, மேசை விளிம்பில் ஒரு கூடை, அதில் ஒரு துண்டு ரொட்டி. அதன்முன் நின்றால் நகர மனசு வராது. இந்த ஆளுக்குக் கை இருந்தது, சந்தேகமே இல்லை.

கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்த அருங்காட்சியகத்தில் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்கிற பாதை கிடையாது. ஆண்டு வரிசையும் கிடையாது. பார்வையாளர் இஷ்டப்படி அலையட்டும் என்பதே டாலியின் விருப்பம். கேட்பதற்கு ஜனநாயகமாக இருக்கிறது. ஆனால் லிங்கனின் முகம் தெரிய எங்கே நிற்க வேண்டும், மே வெஸ்ட் தெரிய எந்த ஓட்டை வழியாகப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. கால்களுக்கு விடுதலை, கண்களுக்குக் கட்டளை.

கனவுக்கு வரிசை கிடையாது, நியாயம்தான். ஆனால் வரிசையே இல்லாத இடத்தில் 1936க்கும் 1939க்கும் என்ன உறவு, 1962க்கும் 1975க்கும் என்ன உறவு என்று கேட்கவும் வழியில்லாமல் போகிறது. காலவரிசையை உடைப்பது எப்போதுமே கலகம் ஆகிவிடாது. சில சமயம் அது நழுவி ஓடுகிற வழி.

3

ஓவியங்களின் ஆண்டை மறைக்கலாம். கட்டடத்தின் ஆண்டை மறைப்பது கஷ்டம்.

இது 1849-50இல் ஜோசெப் ரோகா இ ப்ரோஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த நகராட்சி நாடக அரங்கு. 1919 தொடக்கத்தில், பதினான்கு வயதுப் பையனாக இருந்தபோது டாலியின் ஓவியங்கள் முதன்முதலாகப் பொதுப் பார்வைக்கு வந்தது இந்த அரங்கின் கூடத்தில்தான். சரியாக இருபது வருஷம் கழித்து அரங்கு எரிந்தது.

1939 ஜனவரி 26 அன்று பார்சிலோனா பிராங்கோவின் படைகளிடம் வீழ்ந்தது. குடியரசின் அரசாங்கம் வடக்கே நகர்ந்து ஃபிகெரசுக்கு வந்தது. ஊருக்கு மேலே இருக்கும் சான் ஃபெரான் கோட்டையில் பிப்ரவரி 1 அன்று குடியரசின் நாடாளுமன்றம் ஸ்பெயின் மண்ணில் கடைசியாகக் கூடியது. கோட்டைக்குக் கீழே சாலை முழுக்க அகதிகள். ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் பனியிலும் குண்டுவீச்சிலும் எல்லை தாண்டி பிரான்சுக்குள் போனார்கள். கவிஞர் அந்தோனியோ மச்சாதோ அவர்களில் ஒருவர். எல்லையைத் தாண்டிய உடனேயே, பிப்ரவரி 22 அன்று கொலியூரில் இறந்துபோனார். பிப்ரவரி 8 அன்று ஃபிகெரஸ் விழுந்தது. மறு ஆண்டு இதே எல்லையை எதிர்த் திசையில், பிரான்சிலிருந்து ஸ்பெயினுக்குள் கடந்துவந்த வால்டர் பெஞ்சமின் 1940 செப்டம்பர் 26 அன்று போர்ட்பூவில் உயிரை மாய்த்துக்கொண்டார். போர்ட்பூ இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. சர்ரியலிசத்தின் புரட்சிகர ஆற்றலைப் பற்றி 1929இலேயே மிக முக்கியமான கட்டுரை ஒன்றை எழுதியவர் அவர் என்பது நமக்குத் தெரியும்.

நாடக அரங்கு எரிந்தது போர் முடிகிற இந்தச் சமயத்தில்தான். பிராங்கோவின் படையில் இருந்த மொராக்கோச் சிப்பாய்கள் அங்கே தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து தற்செயலாகப் பரவிய நெருப்பில் கூரை போய், உள்கட்டு போய், சுவர்கள் மட்டும் மிஞ்சின. இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கோலத்திலேயே கிடந்தது.

1960இல் ஊர் மேயர் ரமோன் குவார்தியோலா டாலியிடம் போய், உள்ளூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு படம் தாருங்கள் என்று கேட்டார். டாலி ஒரு படம் என்ன, முழு அருங்காட்சியகமே தருகிறேன் என்றார். அதுவும் அந்த எரிந்த அரங்கில்தான் வேண்டும் என்றார். அதற்கு அவர் மூன்று காரணம் சொன்னார். தான் ஒரு நாடகத்தனமான ஓவியர் என்பது ஒன்று. தனக்கு ஞானஸ்நானம் நடந்த தேவாலயம் எதிரில் இருக்கிறது என்பது இரண்டு. தன் முதல் கண்காட்சி அங்கே நடந்தது என்பது மூன்று. மூன்று காரணமும் அவரைப் பற்றியதுதான். அரங்கு ஏன் எரிந்து கிடக்கிறது என்பது காரணங்களில் வரவில்லை. மாட்ரிட் அரசாங்கத்தின் பணத்தோடு 1970இல் வேலை தொடங்கி, 1974இல் திறப்புவிழா நடந்தது. அப்போது பிராங்கோ உயிரோடுதான் இருந்தார்.

இதில் நுட்பமான விஷயம் என்னவென்றால், டாலி அந்தச் சிதிலத்தை இடித்துத் தள்ளவில்லை. அரைவட்டச் சுவரை அப்படியே வைத்துக்கொண்டார். நாம் இன்று நிற்கும் முற்றம் வானம் பார்த்துக் கிடப்பது கற்பனை வளத்தால் அல்ல, கூரை எரிந்துபோனதால். போர் செய்துவைத்த ஓட்டையை அவர் கனவின் வாசலாக மாற்றிக்கொண்டார். மறைப்பது என்றால் மூடிவைப்பது மட்டுமல்ல. எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்து, அதற்கு வேறு பெயர் கொடுப்பதும் மறைப்பதுதான்.

4

டாலியின் அரசியல் ஒன்றும் ரகசியம் அல்ல. இடதுசாரி விமர்சனம் இதை நிறையவே பேசியிருக்கிறது.

மாட்ரிட் மாணவர் விடுதியில் அவரோடு உயிருக்குயிராகப் பழகிய லோர்க்காவை 1936 ஆகஸ்டில் கிரனாடா அருகே பிராங்கோ தரப்பு ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். லோர்க்காவைக் கொன்ற ஆட்சியோடு டாலி கைகோத்தார். அமெரிக்காவிலிருந்து 1948இல் ஸ்பெயின் திரும்பினார், 1956இல் பிராங்கோவை நேரில் சந்தித்தார், 1964இல் அந்த ஆட்சியின் உயர்ந்த விருது ஒன்றை வாங்கிக்கொண்டார். 1975 செப்டம்பர் 27 அன்று ஐந்து பேருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டபோது ஐரோப்பா முழுக்கக் கண்டனம் எழுந்தது. டாலி தண்டனையை ஆதரித்துப் பேசினார். அருங்காட்சியகம் திறந்து ஒரு வருஷம்கூட நிறையாத நேரம் அது.

இயக்கத்துக்குள் மோதல் இதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1933இல் லெனினின் புட்டத்தைக் கம்பு கொடுத்துத் தாங்கவேண்டிய அளவுக்கு நீட்டி வரைந்தார். 1934 பிப்ரவரி 5 அன்று பிரெத்தோன் வீட்டில் அவர்மேல் விசாரணை நடந்தது. குற்றச்சாட்டு, ஹிட்லரியத்தைப் புகழ்ந்தார் என்பது. டாலி வாயில் தெர்மாமீட்டரும் உடம்பில் சட்டைமேல் சட்டையுமாக வந்து விசாரணையையே கேலிக்கூத்தாக்கிவிட்டுப் போனார். பின்னாளில் பிரெத்தோன் அவர் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப்போட்டு 'அவிதா டாலர்ஸ்' என்று பட்டம் சூட்டினார். டாலருக்கு அலைகிறவர் என்று பொருள். அது வெறும் வசையில்லை என்பதைப் பிற்காலம் நிரூபித்தது. எதுவுமே அச்சிடாத வெற்றுத்தாள்களில் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். படம் பின்னால் வரும், கையெழுத்துதான் சரக்கு. ஓவியனின் கையொப்பம் நாணயமாக மாறும் கதையை இதைவிடத் துல்லியமாக யாரும் எழுதிவிட முடியாது.

ஸ்பெயினில் குடியரசுக்காகச் சண்டை போட்டுத் தொண்டையில் குண்டடி பட்ட ஜார்ஜ் ஆர்வெல் 1944இல் டாலியைப் பற்றி எழுதினார். அருமையாக வரையத் தெரிந்தவர், அதே சமயம் அருவருப்பான மனிதர், இந்த இரண்டு உண்மைகளையும் ஒன்றாகவே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். நான் மறுக்கவில்லை. ஆனால் ஃபிகெரஸிலிருந்து யோசித்தால் இந்த விமர்சனத்தில் ஒரு போதாமை தட்டுப்படுகிறது. புகழ்கிறவர்களும் டாலி என்கிற தனிமனிதரைப் பற்றியே பேசுகிறார்கள். வைகிறவர்களும் அவரைப் பற்றியே பேசுகிறார்கள். அவர் மேதையா அயோக்கியரா என்று அடித்துக்கொள்ளும்போது மேடை நடுவில் நிற்பது எப்போதும் அவர்தான். அந்த மேடையைக் கட்டியவரின் எதிர்பார்ப்பும் அதுதானே?

செத்த பிறகும் அவரை விட்டு வெளிச்சம் நகரவில்லை. காலா 1982இல் இறந்து பூபோல் கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டபோது டாலிக்கும் அங்கேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1989 ஜனவரி 23 அன்று டாலி இறந்ததும், அருங்காட்சியகத்தில்தான் தன்னைப் புதைக்க வேண்டும் என்று அவர் தன்னிடம் சொன்னதாக அப்போதைய மேயர் சொன்னார். அப்படியே நடந்தது. உயிலைப் பிரித்தால் சொத்து முழுக்க ஸ்பெயின் அரசுக்கு. கத்தலோனியாவுக்கு ஒன்றுமில்லை. 2017 ஜூலையில், தான் அவர் மகள் என்று ஒரு பெண் தொடுத்த வழக்குக்காக நீதிமன்ற உத்தரவின்பேரில் சமாதியைத் திறந்தார்கள். மரபணுச் சோதனை இல்லையென்று சொல்லிவிட்டது. மீசை குலையாமல் இருந்தது என்பதுதான் உலகச் செய்தியானது. கவிகைமாடத்துக்குக் கீழே, மேடைத் தளத்தில் பதித்த ஒரு சாதாரணக் கல்லின்மேல் ஜனங்கள் நடந்து போகிறார்கள், அடியில் இருப்பது சமாதி என்று தெரியாமலே.

5

நான் இங்கே நகர்த்த விரும்புவது வெளிச்சத்தை. அந்த அரங்கில் ராத்தங்கிய மொராக்கோச் சிப்பாய்கள் யார்? அந்தக் குளிர்காலத்தில் கத்தலோனியாவின் ஒரு நாடகக் கொட்டகைக்கு அவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள்?

பதிலுக்கு 1860 வரை பின்னால் போகவேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஸ்பெயின் மொராக்கோவின் தெத்துவான் நகரைப் போரிட்டுப் பிடித்தது. கத்தலானியத் தொண்டர் படை ஒன்றும், ஜெனரல் பிரிம் என்ற கத்தலானியத் தளபதியும் அந்தப் போரின் வீரநாயகர்கள். போரை வரைவதற்கென்றே பார்சிலோனா மாவட்ட நிர்வாகம் மரியா ஃபோர்த்துனி என்ற கத்தலானிய ஓவியரை அனுப்பியது. அவர் வரைந்த 'தெத்துவான் போர்' பத்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளமுள்ள பெரும்படம், முடிவுபெறாமலே நின்றுபோனது. தமிழ் படித்தவன் கண்ணுக்கு இது ஒரு பரணி. வென்றவன் செலவில், தோற்றவன் களத்தில் எழுதப்பட்டது. மாட்ரிட்டால் ஒடுக்கப்பட்ட இனம் என்று கத்தலோனியா தன்னைச் சொல்லிக்கொள்வதில் நியாயம் உண்டு. ஆனால் ஒடுக்கப்பட்ட இனத்துக்கும் ஒரு காலனி இருந்திருக்கலாம் என்பதை இந்தப் படம் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

1912இல் மொராக்கோவின் வடபகுதி ஸ்பெயினின் 'பாதுகாப்பு'க்குள் வந்தது. ரிஃப் மலைகளின் மக்கள் அப்துல் கரீமின் தலைமையில் எதிர்த்தார்கள். 1921 ஜூலையில் அன்வால் என்ற இடத்தில் ஸ்பானியப் படையை நிர்மூலமாக்கினார்கள். பதிலுக்கு ஸ்பெயின் ஆகாயத்திலிருந்து நச்சுவாயுக் குண்டுகளைப் போட்டது. ஊர்கள்மீது, சந்தைகள்மீது. 1925இல் பிரான்சும் போரில் இறங்கியது, 1926இல் அப்துல் கரீம் சரணடைந்தார். இந்தப் போரில் பெயர் வாங்கி, முப்பத்து மூன்று வயதிலேயே ஜெனரல் ஆனவர் பிரான்சிஸ்கோ பிராங்கோ.

சர்ரியலிசம் அரசியலுக்குள் வந்ததும் இந்தப் போரை ஒட்டித்தான். 1925இல் பிரெத்தோனும் நண்பர்களும் வேறு சில இடதுசாரிக் குழுக்களோடு சேர்ந்து, ரிஃப் போரை எதிர்த்தும் புரட்சியை ஆதரித்தும் அறிக்கை விட்டார்கள். அதுவரை கனவு, தன்னியக்க எழுத்து என்றிருந்தவர்கள் கம்யூனிஸ்டுகளோடு பேச ஆரம்பித்த இடம் அது. 1931இல் பாரிசில் பிரமாண்டமான காலனியக் கண்காட்சி நடந்தபோது, அதைப் பார்க்கப் போகாதீர்கள் என்று துண்டறிக்கை போட்டதோடு நிற்காமல், எதிர்க் கண்காட்சி ஒன்றையும் நடத்தினார்கள். ஓர் அரசாங்கம் எதைக் காட்சிக்கு வைக்கிறது, எப்படி வைக்கிறது என்று சண்டைக்குப் போன இயக்கம் இது. அதன் பெயரில் நிற்கிற அருங்காட்சியகத்தை நாம் இப்படிக் கேள்வி கேட்பது அதன் மரபுக்கு விரோதமானதல்ல.

1936க்கு வருவோம். ஜூலை 1 அன்று லண்டன் சர்ரியலிசக் கண்காட்சியில் டாலி நீர்மூழ்குபவரின் உடையை மாட்டிக்கொண்டு சொற்பொழிவாற்ற வந்து, மூச்சுமுட்டிச் சாகத் தெரிந்தார். அந்த மாதம் 17ஆம் தேதி ராணுவக் கலகம் தொடங்கியது, அதுவும் மொராக்கோவில். 19ஆம் தேதி பிராங்கோ விமானத்தில் வந்து இறங்கிய இடம் தெத்துவான். அங்கிருந்து ஜெர்மன் விமானங்கள் மொராக்கோச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு ஜலசந்தியைக் கடந்தன. போர் முடிவதற்குள் இப்படிப் பல பத்தாயிரம் பேர் கொண்டுவரப்பட்டார்கள். பஞ்சத்தில் அடிபட்ட, பத்து வருஷம் முன்பு நச்சுவாயு சுவாசித்த அதே மலைகளின் பிள்ளைகள். கூலி கிடைத்தது, சோறு கிடைத்தது. தங்கள் ஊரை அழித்தவனின் கொடிக்குக் கீழே, தங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு மக்களைக் கொல்ல வந்தார்கள். அவர்கள் செய்த கொடூரங்கள் மறைக்கத்தக்கவை அல்ல. அவர்களை ஏவிவிடுவோம் என்று ஸ்பானியப் பெண்களை வானொலியில் மிரட்டிய தளபதியும் இருந்தார்.

சரி, குடியரசு என்ன செய்தது? நம்மைப் போன்றவர்கள் வாய்மூடிவிடுகிற இடம் இது. 1936 செப்டம்பரில் மொராக்கோ தேசியவாதிகளின் பிரதிநிதிகள் பார்சிலோனாவுக்கு வந்தார்கள். எங்கள் சுதந்திரத்தை அறிவியுங்கள், பிராங்கோவின் பின்புலத்திலேயே கலகம் மூளும் என்றார்கள். பாசிச எதிர்ப்புப் போராளிக் குழுக்களின் கமிட்டி ஒத்துக்கொண்டு உடன்பாடே செய்தது. மாட்ரிட்டில் இருந்த சோஷலிஸ்ட் பிரதமர் லார்கோ கபயேரோவின் அரசு ஏற்கவில்லை. பிரான்சுக்குத் தன் பங்கு மொராக்கோ பற்றிய கவலை, ஸ்பெயினுக்கு பிரான்சின் தயவு பற்றிய கவலை. காலனியை விட மனசில்லாத குடியரசு, அந்தக் காலனியின் சிப்பாய்களைக் கொண்டே தோற்கடிக்கப்பட்டது. குடியரசுத் தரப்புச் சுவரொட்டிகளிலும் மொராக்கோக்காரன் பல்லிளிக்கும் காட்டுமிராண்டியாகவே வந்தான்.

1939க்கு வருகிறபோது இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்கின்றன. அந்த ஆண்டு மே மாத 'மினோதோர்' இதழில் பிரெத்தோன் டாலியோடு கணக்கை முடிக்கிறார். உலகின் இன்றைய சிக்கல் எல்லாம் இனம் சார்ந்தது, வெள்ளையர்கள் ஒன்றுசேர்ந்து கறுத்த இனங்களை அடிமையாக்குவதே தீர்வு என்று பிப்ரவரியில் டாலி தன்னிடமே சொன்னதாகவும், அது வேடிக்கைப் பேச்சல்ல என்று உறுதிப்படுத்திக்கொண்டதாகவும் எழுதுகிறார். 1939 பிப்ரவரி. ஃபிகெரஸ் விழுந்த மாதம். ஓவியர் பாரிசில் வெள்ளையரின் ஆதிக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், அந்த ஆதிக்கத்தின் கூலிப்படையாக இழுத்து வரப்பட்டவர்கள் அவருடைய சொந்த ஊரில் இருந்தார்கள்.

1962இல் டாலி பிரமாண்டமான ஒரு படம் வரைந்தார். பெயர், 'தெத்துவான் போர்'. ஃபோர்த்துனிக்கு அஞ்சலி. பாய்ந்து வருகிற குதிரைவீரர்களின் கூட்டத்துக்கு நடுவே காலாவின் முகம். மொராக்கோ விடுதலையடைந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் படம் இன்று ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஃபிகெரஸில், டாலி தனக்காகச் சேர்த்து வைத்த பிற ஓவியர்களின் படைப்புகளில் ஃபோர்த்துனிக்கும் இடம் உண்டு. மொராக்கோச் சிப்பாய்களால் எரிந்த கட்டடத்துக்குள், மொராக்கோவைப் பிடித்த போரின் ஓவியர். இது தற்செயல்தான். கனவில் தற்செயல் கிடையாது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் சர்ரியலிஸ்டுகள்.

6

இதனால் சர்ரியலிசத்தைத் தூக்கிப்போட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. நேரெதிர். அதே 1936இல் பெஞ்சமின் பெரே என்கிற சர்ரியலிசக் கவிஞர் ஸ்பெயினுக்குப் போய் அரகோன் போர்முனையில் நின்றார். 1938 டிசம்பரில் கெய்ரோவில் ஜார்ஜ் ஹெனெய்னும் தோழர்களும், நாஜிகள் 'சீரழிந்த கலை' என்று பழித்ததை வாழ்த்தி அறிக்கை வெளியிட்டார்கள். 1941இல் மார்த்தினிக் தீவில் எய்மே செசேரும் சுசான் செசேரும் 'த்ரோபீக்' இதழைத் தொடங்கினார்கள். தற்செயலாக அந்தத் தீவில் இறங்கிய பிரெத்தோன் அதைப் படித்து அதிர்ந்துபோனார். வெள்ளையனின் மொழியை உள்ளிருந்து வெடிக்கவைக்கிற ஆயுதமாகக் கறுப்பர்கள் சர்ரியலிசத்தைக் கையிலெடுத்தார்கள். அந்தச் சர்ரியலிசத்துக்கு முட்டை வைத்த கோபுரம் கிடையாது. வரிசையில் நின்று டிக்கெட் எடுக்கும் வாசலும் கிடையாது. பழைய இதழ்ப் பிரதிகள்தான் உண்டு.

தமிழில் சர்ரியலிசம் என்றதும் உருகும் கடிகாரம் நினைவுக்கு வருவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. நாம் அதைக் கவிதைக்கான ஓர் உத்தியாக, படிமம் செய்கிற தந்திரமாக வாங்கிக்கொண்டோம். ரிஃப் போரும் கெய்ரோவும் மார்த்தினிக்கும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. கைக்கு வந்துசேர்ந்தது மீசை மட்டும். இயக்கத்தைக் கழித்து ஆளை மட்டும் அனுப்பிவைக்கிற இந்த ஏற்பாட்டின் உச்சமான வடிவம்தான் ஒற்றை ஓவியர் அருங்காட்சியகம். அது டாலிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. நினைவு இல்லம், மணிமண்டபம், நூற்றாண்டு மலர் என எங்கெல்லாம் ஒரு கூட்டு வரலாறு ஒற்றை முகமாகச் சுருக்கப்படுகிறதோ அங்கெல்லாம் நடப்பது இதுதான்.

அப்படியானால் ஃபிகெரஸ் போகாதீர்கள் என்று 1931 பாணியில் துண்டறிக்கை போடலாமா? வேண்டாம். போங்கள், ரொட்டிக்கூடையின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மே வெஸ்ட் முகத்தையும் பாருங்கள், தப்பில்லை. பிறகு முற்றத்துக்கு வந்து, கெடிலாக் காரைப் பார்க்காமல் அதைச் சுற்றியிருக்கும் வளைந்த சுவரைப் பாருங்கள். இங்கே தங்கியிருந்தவர்களின் பெயர் எங்கே என்று பணியாளர்களிடம் கேளுங்கள். பதில் வராமல் போகலாம். ஆனால் அந்தக் கேள்வி டாலியின் மேடையமைப்பில் இல்லாத ஒரு பாத்திரத்தை உள்ளே கொண்டுவந்துவிடும். பிராங்கோவின் ஆளாகவும் அவனைப் பார்க்காமல், குடியரசுச் சுவரொட்டியின் காட்டுமிராண்டியாகவும் பார்க்காமல், ரிஃப் மலையிலிருந்து இரண்டு முறை ஏமாற்றப்பட்டு வந்தவனாக அவனை நாம் எப்படி எழுதப்போகிறோம் என்பதுதான் இனி பேசப்பட வேண்டியது.